கடைசி ஊசி போட்டு ஐந்து மாதம், மனம் இன்னும் மரத்தே கிடக்கிறது

காவிரிக்கரை · ஞாயிறு, இரவு 11.40

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம். வயது 31. பரம்பரையாகத் தவில் வாசிக்கிற குடும்பம்.

மூன்று வருடமாக மனநோய்க்கு மாதம் ஒருமுறை பாலிபெரிடோன் ஊசி, 100 மில்லிகிராம். போன ஐப்பசிக் கடைசியில் போட்டதோடு சரி. டாக்டரிடம் சொல்லிக்கொண்டு நிறுத்தவில்லை. கார்த்திகையில் போகவில்லை, மார்கழியிலும் போகவில்லை, அப்படியே நின்றுபோனது.

ஊசியைக் குறை சொல்ல மாட்டேன். காதில் விடாமல் குரல் கேட்டு, இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தவனை வீட்டுக்குக் கொண்டுவந்தது அதுதான். ஆனால் குரலோடு சேர்த்து வேறு என்னவோவும் போய்விட்டது. மணிக்கட்டு இறுகிவிட்டது. தவில் சொற்கட்டு வாயில் வருகிறது, விரலுக்கு இறங்க மறுக்கிறது. விரலில் கூடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கால்மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவேன். இதை டாக்டரிடம் சொன்னேன். "குரல் நின்றுவிட்டதா இல்லையா? அப்புறம் என்ன?" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

நிறுத்தினால் ஒரே மாதத்தில் பழைய ஆளாகிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மாசியில் தொடங்கியது. ராத்திரி இரண்டு மணிக்கே விழிப்பு. கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. திடீர் வியர்வை. போன வாரம் சாமி புறப்பாட்டில் மல்லாரி கேட்டுத் தெருவிலேயே நின்று அழுதேன், மூன்று வருடத்தில் முதல் அழுகை. ஆனால் மறுநாள் அக்கா மகளின் காதுகுத்து, அங்கே மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இது நோய் திரும்புவதா, மருந்து இறங்குவதா? இந்த ஊசியை நிறுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாள் ஆனது?

நெல்லை சிஸ்டர் · திங்கள், காலை 6.15

தம்பி, அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஊசி அறையில் மட்டும் பல வருடம் நின்றவள் நான். இப்போது ஓய்வு. நீங்கள் கேட்டதில் பாதிக்கு மேல் கணக்கு விஷயம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காலத்தில் போட்டது எண்ணெய் ஊசி. பிளூபெனசின் டெக்கனோயேட், ஹாலோபெரிடால் டெக்கனோயேட் இரண்டுமே நல்லெண்ணெயில் கரைத்து வருபவை. தோலைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துத் தசையில் ஆழமாகப் போட்டு, ஊசியை எடுத்த பிறகு தோலை விட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் வெளியே கசியும். தசைக்குள் அது ஒரு சின்னக் கிணறு மாதிரி தேங்கி நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் ஊறும். நீங்கள் போட்டது எண்ணெய் இல்லை. நீரில் கலந்த மிக நுண்ணிய துகள்கள், கரையவே நாளெடுக்கும். வேலை ஒன்றுதான்.

ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எவ்வளவு நாள் ஆகிறது என்பதுதான் முக்கியம். தொடர்ந்து போட்டுவந்த பிளூபெனசினுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், ஹாலோபெரிடாலுக்கு மூன்று வாரம். உங்கள் மாத ஊசிக்கு 25 முதல் 49 நாள். ஐந்து முறை பாதியானால்தான் ஏறத்தாழ வெளியேறிவிட்டது என்று சொல்வோம். கூட்டிப் பாருங்கள், நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை வருகிறது. இதே மருந்தின் மூன்று மாத ஊசி என்றால் பாதியாகவே 84 முதல் 139 நாள், போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல்.

அதனால் உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது என்பது சரியான கணக்கு இல்லை. மருந்து இப்போதுதான் உங்களைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று மாதம் ஒன்றும் தெரியாமல் இருந்து மாசியில் தொடங்கியதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். மூளையில் டோபமின் ஏற்பிகள் என்று உண்டு, மருந்து போய் உட்காருகிற இடம். மருந்து நிறைய இருக்கும்போது பாதியாகக் குறைந்தாலும் அந்த இடங்கள் பெரும்பாலும் அடைபட்டே இருக்கும். கடைசியில் மிச்சமிருக்கும் கொஞ்சம் இறங்கும்போதுதான் மடமடவென்று திறக்கும். மாத்திரையைக் குறைப்பவர்களுக்கும் கடைசிப் படிகளை மிகச் சின்னதாக வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஒன்று கேட்கிறேன், கை இறுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை எடுத்தீர்களா? அதையும் ஊசியோடு சேர்த்து நிறுத்தினீர்களா?

காவிரிக்கரை · திங்கள், காலை 7.02

ஆமாம் சிஸ்டர். இரண்டு மில்லிகிராம், காலையும் மதியமும். அதைத் தை மாதம் ஒரே நாளில் நிறுத்தினேன்.

நெல்லை சிஸ்டர் · திங்கள், காலை 7.30

அப்படிச் செய்திருக்கக் கூடாது தம்பி. ஊசி உடம்பில் இருக்கும்வரை அதன் பக்கவிளைவும் இருக்கும். அதைத் தாங்கிக்கொண்டிருந்த மாத்திரையை முதலில் எடுத்துவிட்டால் இறுக்கம் கூடும். நாள்பட எடுத்ததைச் சட்டென்று விட்டாலும் வியர்வை, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரும். உங்கள் வியர்வையில் எவ்வளவு பங்கு இதனுடையது என்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். நீங்களாகவே மறுபடி தொடங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. கண்ணாடி முன்னால் நின்று நாக்கையும் உதட்டையும் பாருங்கள். வாய் தானாக மெல்லுகிறதா, நாக்கு நெளிகிறதா? மருந்து இருக்கும்வரை மறைந்திருந்துவிட்டு, இறங்கும்போது வெளியே தெரிகிற அசைவு அது. சிலருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும், சிலருக்கு நிலைத்துவிடும். அதற்கு டெட்ராபெனசின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. வந்திருந்தால் மறைக்காமல் காட்ட வேண்டும்.

வேப்பம்பூ · திங்கள், பகல் 1.20

எனக்கும் இதே ஊசிதான், கோயம்புத்தூரில். ஒரே வித்தியாசம், என் டாக்டரே 100, 75, 50 என்று ஏறக்குறைய ஒன்றரை வருடம் எடுத்துக் குறைத்து நிறுத்தினார். நிறுத்தி இப்போது இரண்டு வருடம் ஆகப்போகிறது.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். உணர்ச்சி வரிசையாகத் திரும்பாது. எனக்கு முதலில் வந்தது கோபம். மகிழ்ச்சி இல்லை, அழுகை இல்லை, வெறும் கோபம். தோசைக்கல்லில் மாவு ஒட்டிக்கொண்டதற்கு அரைமணி நேரம் கத்தினேன். வீட்டில் எல்லோரும் நோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். டாக்டர் மட்டும், "நான்கு வருடம் இவளுக்குக் கோபமே வரவில்லையே, அதை ஏன் யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை?" என்று என் கணவரிடம் கேட்டார். அப்புறம் வந்தது வாசனை. ஒருநாள் ரசம் தாளிக்கும்போது பெருங்காய வாசனை வந்து அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். சிரிப்பு கடைசியில்தான் வந்தது, பதினான்கு மாதம் கழித்து. அதனால் மல்லாரிக்கு அழுதீர்கள், காதுகுத்தில் மரத்துப்போனீர்கள் என்பதைப் படித்ததும் எனக்குப் பயம் வரவில்லை. கதவு ஒரு நாள் திறக்கும், மறுநாள் மூடிக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

இதைப் படிக்கிற பெண்களுக்காக. இந்த ஊசி, பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றும். எனக்கு மூன்று வருடம் மாதவிலக்கே இல்லை, மார்பில் பால் கசிந்தது, கூச்சத்தில் சொல்லாமலே இருந்தேன். நிறுத்திய ஏழாம் மாதம் மாதவிலக்கு திரும்பியது. முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும், ஆகவே மாதவிலக்கு வரவில்லையே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பல வருடம் மாதவிலக்கு நின்றிருந்தால் எலும்பின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கும் புரோலாக்டின் ஏறும். ஆசையே இல்லாமல் போவதற்கு அது ஒரு காரணம், கல்யாணமான ஆண்கள் இதை வெளியே சொல்லாமலே ஊசியை விட்டுவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

உடல் எடை பற்றியும் கேட்பார்கள். எனக்கு ஏறிய 14 கிலோவில் ஐந்துதான் இறங்கியிருக்கிறது.

மலைத்தேன் · திங்கள், மாலை 5.45

தம்பி நல்ல முடிவு எடுத்திருக்கிறீர்கள், திரும்பிப் பார்க்காதீர்கள். என் அண்ணன் இந்த ஊசியிலேயே பத்து வருடம் நடைப்பிணமாக இருந்து போய்ச் சேர்ந்தான். டாக்டரிடம் போனால் மறுபடி ஊசியைத்தான் எடுப்பார். மூலிகையில் பக்கவிளைவே கிடையாது. சர்ப்பகந்தி வேர் தூக்கத்துக்கு நல்லது, எனக்குத் தெரிந்த வைத்தியர் தருவார்.

நெல்லை சிஸ்டர் · திங்கள், மாலை 6.30

ஐயா, உங்கள் அண்ணனை நினைத்து வருத்தமாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அளவைக் குறைக்க யாருக்கும் தோன்றாமலே வருடங்கள் ஓடிவிடும். அந்தக் கோபம் நியாயம்.

ஆனால் சர்ப்பகந்தி வேண்டாம். அதிலிருந்து 1952இல் பிரித்தெடுத்த ரிசர்பின்தான் அந்தக் காலத்தில் மனநோய்க்கே மருந்தாகக் கொடுக்கப்பட்டது. அதுவும் டோபமினைத்தான் குறைக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும், சிலரை ஆழமான மனச்சோர்வில் தள்ளும். ஒரு மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது அளவு தெரியாத இன்னொன்றை மேலே போடுவதாகத்தான் ஆகும்.

பழைய கணக்கு · திங்கள், இரவு 9.10

நான் நிறுத்தித் தோற்றவன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஹாலோபெரிடால் ஊசி, ஐந்து வருடம். சொல்லாமல் நிறுத்தினேன். முதல் ஆறு மாதம் சொர்க்கம். நாக்கில் ருசி, காலையில் சுறுசுறுப்பு, லாரி புக்கிங் ஆபீசில் வேலைகூடக் கிடைத்தது. எல்லோரிடமும் ஊசியைத் திட்டினேன். ஏழாம் மாதம் தூக்கம் நான்கு மணி நேரமானது, அப்புறம் இரண்டு. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை, நேரம் மிச்சம் என்றுதான் தோன்றியது. லாரிகளின் நம்பர் பிளேட்டில் எனக்கு மட்டும் செய்தி எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். ஒன்பதாம் மாதம் என்னைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். வேலை போனது. என் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு, அவன் அதைப் பார்த்துவிட்டான்.

கணக்கையும் சொல்கிறேன். இங்கிலாந்தில் ராடார் என்று ஓர் ஆய்வு, 2023இல் முடிவு வந்தது. 253 பேர். ஒரு பாதிக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள், மறுபாதிக்கு அப்படியே தொடர்ந்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அன்றாட வாழ்க்கை நடத்தும் திறனில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. கடுமையாக நோய் திரும்பியது குறைத்தவர்களில் 25 சதவீதம், தொடர்ந்தவர்களில் 13. கவனித்துக்கொண்டே மெல்லக் குறைத்தபோதே இப்படி. சொல்லாமல் நிறுத்தியவர்களை அதில் எண்ணவில்லை.

வேப்பம்பூ · திங்கள், இரவு 9.55

அண்ணா, எழுதியதற்கு நன்றி. ஆனால் நெதர்லாந்து ஆய்வையும் சொல்ல வேண்டும். முதல்முறை நோய் வந்தவர்களை ஏழு வருடம் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் குறைத்தவர்களுக்கு அதிகம் திரும்பியது உண்மை. ஏழாம் வருடத்தில் பார்த்தால் முழுமையாகத் தேறியவர்கள் அந்தப் பக்கம் 40 சதவீதம், மருந்தைத் தொடர்ந்த பக்கம் 18.

பழைய கணக்கு · திங்கள், இரவு 10.20

தெரியும் தங்கச்சி. ஹாங்காங்கில் பத்து வருடம் பார்த்ததில் தலைகீழாக வந்தது. சீக்கிரம் நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேர் மோசமான நிலையில், தொடர்ந்தவர்களில் 21. நான் எந்தப் பக்கமும் இல்லை. இப்போது சின்ன அளவு மாத்திரை எடுக்கிறேன், கை நடுக்கம் இல்லை, மகன் எட்டாம் வகுப்பு. மருந்தே இல்லாமல் இருந்தால்தான் தேறினேன் என்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. தம்பி, இரண்டு மணிக்கு விழிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

கடல்தாண்டி · செவ்வாய், அதிகாலை 3.05

லண்டனில் இருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். எனக்கு நிறுத்துவதா வேண்டாமா என்கிற தெரிவே ஆறு வருடம் இருக்கவில்லை. இங்கே 2008இல் இருந்து சமூக சிகிச்சை ஆணை என்று ஒரு சட்ட ஏற்பாடு உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விடுவார்கள், ஆனால் ஊசிக்குப் போகாவிட்டால் திரும்பக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம். இந்த ஆணை இருந்தவர்களையும், இல்லாமல் வேறு முறையில் விடப்பட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வந்தது. ஒரு வருடத்துக்குள் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இரண்டு பக்கமும் 36 சதவீதம்தான். அதைப் படித்த அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

தீர்ப்பாயத்தில் முறையிட்டு, எனக்காகப் பேச ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு, ஆணையில் இருந்து வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நானாகவே டொக்டரோடு கதைத்து அளவைக் குறைத்தேன். பயத்தில் போட்ட ஊசிக்கும், கதைத்து முடிவெடுத்துப் போடுகிற ஊசிக்கும் உடம்பில் வித்தியாசம் இருக்காது. எனக்குள்ளே இருந்தது. இப்போது பழையதில் மூன்றில் ஒரு பங்கு போடுகிறேன், நிறுத்தும் அவசரம் இல்லை. தம்பி, அந்த டொக்டர் கேட்காவிட்டால் வேறு டொக்டரைத் தேடுங்கள். டொக்டரே வேண்டாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மூத்தவள் · செவ்வாய், காலை 10.40

என் தம்பிக்கு இந்த நோய் வந்து பதினொரு வருடம். வீட்டுக்காரர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மருந்து இறங்குவதா நோய் திரும்புவதா என்று தனி ஆளாகக் கண்டுபிடிக்க முடியாது. வியர்வை, குமட்டல், கால் நிலைகொள்ளாமை எல்லாம் உடம்புப் பக்கம், 'எனக்கு என்னவோ செய்கிறது' என்று அவரே சொல்வார். சந்தேகம், தனக்கென்று செய்தி வருவது, குரல், இவை வேறு. அப்போது 'எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள்தான் மாறிவிட்டீர்கள்' என்பார். தூக்கம் மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும். மருந்து இறங்குவதால் கெட்ட தூக்கமே நோயை இழுத்துக்கொண்டும் வரலாம். அதனால் எங்கள் வீட்டில் நாட்காட்டியில் தூக்க நேரம் மட்டும் குறிப்போம். தொடர்ந்து மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்குக் கீழே போனால் டாக்டருக்குப் போன். அந்த விதியைத் தம்பியே நல்லபடியாக இருக்கும்போது எழுதிக் கொடுத்தான். என்னென்ன அறிகுறி வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எந்த மருந்து தனக்கு ஆகாது என்பதும் அதில் இருக்கிறது.

2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு உரிமை தருகிறது, நடைமுறைக்கு வந்தது 2018இல். எனக்கு இப்படிச் சிகிச்சை வேண்டும், இப்படி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். இது தெரியாத வீடுகள்தான் அதிகம்.

காவிரிக்கரை, உங்கள் அக்காவுக்கு நீங்கள் ஊசியை நிறுத்தியது தெரியுமா? ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் 14416 டெலிமானஸ், இலவசம், தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள்.

காவிரிக்கரை · செவ்வாய், பகல் 12.15

தெரியாது. ஒவ்வொரு மாதமும் ஊசிக்கு என்று பணம் வாங்கிக்கொண்டு கும்பகோணம் வரை பஸ்ஸில் போய்த் திரும்பிவிடுவேன். இன்று சாயங்காலம் சொல்லப்போகிறேன்.

மூத்தவள் · செவ்வாய், பகல் 12.30

சொல்லுங்கள். அழுவார், திட்டுவார். திட்டட்டும். அதற்கும் மறுநாள் டாக்டரிடம் கூட வருவது அவராகத்தான் இருக்கும்.

காவிரிக்கரை · ஒன்பது வாரம் கழித்து, வைகாசி

எல்லோருக்கும் வணக்கம். உடனே எழுதாததற்கு மன்னியுங்கள்.

அக்கா திட்டவில்லை. "பஸ்ஸுக்கு மட்டும் எவ்வளவு செலவழித்தாய்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் அழுதாள். வியாழக்கிழமையே வேறு டாக்டரிடம் போனோம். இவர் என் கையைப் பிடித்து மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்தார். மூன்று வருடத்தில் அதை யாரும் செய்ததில்லை. தவில் வாசிப்பவன் என்றதும் வலக்கை விரலா இடக்கைக் கழியா, எதில் வேகம் குறைந்தது என்று கேட்டார். விரல்தான் என்றேன்.

வாயிலும் நாக்கிலும் அசைவு இல்லை. புரோலாக்டின் இன்னும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது, மருந்து முழுதும் போகவில்லை என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம் என்றார். ஊசி இப்போது வேண்டாம், ஆனால் தூக்கம் இப்படியே போனால் ஆபத்து என்று ராத்திரிக்கு மிகச் சிறிய அளவில் ஒரு மாத்திரை கொடுத்தார். பெயரையும் அளவையும் எழுதவில்லை, அது என்னைப் பார்த்துக் கொடுத்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, இதற்கா ஐந்து மாதம் தவித்தேன் என்று. பழைய கணக்கு அண்ணன் எழுதியதை நினைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வருடம் பார்த்துவிட்டு அதையும் மெல்லக் குறைக்கலாமா என்று சேர்ந்து யோசிக்கலாம் என்றிருக்கிறார்.

இப்போது ஆறு மணி நேரம் தூங்குகிறேன். வியர்வை நின்றது. கால் இன்னும் சில நாள் ஆடுகிறது. நடுவில் ஒரு வாரம் யாரோ என் பெயரைச் சொல்வது போல இரண்டு முறை கேட்டது. அக்காவிடம் அன்றே சொன்னேன், டாக்டரைப் பார்த்தோம், பிறகு வரவில்லை.

போன முகூர்த்தத்தில் சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வாசிக்க இல்லை, தாளம் போட. நலங்கு முழுக்கத் தாளம்தான் போட்டேன். தாலி கட்டும் நேரம் கெட்டிமேளத்துக்குச் சித்தப்பா இரண்டாவது தவிலை என் பக்கம் தள்ளிவிட்டார். கெட்டிமேளத்துக்குப் பெரிய கணக்கு ஒன்றும் கிடையாது, அடித்தால் போதும். அடித்தேன். கை வலித்தது. மறுநாளும் வலித்தது, அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது.

சிஸ்டர், ஒரு சந்தேகம். காலையில் எழுந்ததும் விரல் இறுக்கமாகவும் மதியத்துக்கு மேல் இளகியும் இருக்கிறது. சாதகத்தை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா?

நெல்லை சிஸ்டர் · அன்றே, இரவு 8.50

மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி. முதலில் பத்து நிமிஷம், வெந்நீரில் கையை வைத்துவிட்டு, கூடு இல்லாமல். வலி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். எந்த நேரத்தில் எவ்வளவு இறுக்கம் என்பதை நாட்காட்டியில் தூக்கத்துக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொண்டு, அடுத்த முறை அந்த டாக்டரிடம் காட்டுங்கள்.

பழைய கணக்கு · அன்றே, இரவு 10.05

நன்றாகத் தூங்குங்கள் தம்பி. ஆவணியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம், திருவாரூரில். மேளம் இன்னும் பேசவில்லை. சித்தப்பாவிடம் தேதி கேட்டுச் சொல்லுங்கள்.